கீறல் விழாத சேசிஸ்

கால் பாத்து வைங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, உங்க காலுக்குத்தான் ஆகும். சாக்குக்குள்ள இருக்கறது இரும்பு. பதினொன்றரைக் கிலோ. கண்டக்டர் மேல தூக்கி வைக்கச் சொன்னான். பிரேக் போட்டா யார் மண்டையில உழுகும்னு கேட்டேன், டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்குங்க. நான் ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சுக்கறேன்.

நாமக்கல்லுங்களா? நானும் அங்கதான் எறங்கோணும். அங்கிருந்து திருச்செங்கோடு. செங்கோட்டுவேலுன்னு கேட்டா எங்கூர்ல லாரிக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். லாரிக்குப் பாடி கட்டறேன், இருபத்தாறு வருஷமா. நான் கட்டின பாடி அஸ்ஸாமுக்குப் போயிட்டு வருது. ரோடு கெட்டுப் போகுது, பாடி கெட்டுப் போகாது.

இது லாரியோடது இல்லீங்க. சின்னதுதான். ரோபோவுக்கு சேசிஸ், அடிச்சட்டம். ரோபோன்னா ரெண்டு கை ரெண்டு காலுன்னு நெனைச்சுக்காதீங்க. காலேஜுப் பசங்க செய்யற ரோபோ. நாலு சக்கரம், முன்னால சுத்தற ஒரு தண்டு, அவ்வளவுதான். கண்ணாடி ரூமாட்ட ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள ரெண்டு ரோபோவை உட்டு மோத உடறது. பசங்க வெளிய நின்னு ரிமோட்ல ஓட்டுவாங்க. எது பத்து செகண்டு நகராம நிக்குதோ அது தோத்துச்சு. இதுக்கு ஊரூரா காலேஜு, பேனரு, மைக்கு, நடுவர்னு மூணு பேரு. திருச்சிக்கு வெளிய ஒரு காலேஜுல நேத்தும் இன்னைக்கும் நடந்துச்சு. அங்கிருந்துதான் வர்றேன்.

என்ற பொண்ணு அதுல ஒரு டீமுக்குக் கேப்டன். சௌபர்ணிகான்னு பேரு. பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜுல மெக்கானிக்கல் மூணாவது வருஷம். டீமுல அஞ்சு பேரு. டீ சட்டை முதுகுல 'இரும்புக் காளை'ன்னு எழுதி வெச்சிருக்காங்க. செய்யறது அலுமினியத்துல. இரும்புக் காளையாமா, அலுமினியமாமா. இதை அந்த அஞ்சு பேருல ஒருத்தரும் யோசிக்கலை. காலேஜுல அதைச் சொல்லித் தரமாட்டாங்க போல.

மூணு மாசம் முன்னால, ஒரு சனிக்கெழமை, இவளும் மிதுன்னு ஒரு பையனும் பட்டறைக்கு வந்தாங்க. அந்தப் பையன்தான் கம்ப்யூட்டர்ல படம் போடறவன். நான் அவன் கையைத்தான் மொதல்ல பாத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவுராட்ட இருக்குது. ஒரு தழும்பு இல்லை, ஒரு காய்ப்பு இல்லை. அந்தக் கையில லேப்டாப்பை விரிச்சு எனக்கு சேசிஸ் காட்டறான். எனக்கு.

"அங்கிள், ஆறு எம்எம் அலுமினியம் பிளேட். வெல்டிங் கிடையாது, எல்லாம் போல்ட்டு. எது ஒடைஞ்சாலும் அதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்"ங்கறான்.

"ஏந்தம்பி, ஒடையாமச் செஞ்சுட்டா மாத்தறதுக்கு என்ன இருக்குது"ன்னு கேட்டேன்.

அவன் சிரிச்சான். என்ற பொண்ணு சிரிக்கலை. "அப்பா, படத்துல இருக்கறபடியே செஞ்சு குடுங்க. ரோபோ மொத்த எடை முப்பது கிலோவைத் தாண்டக்கூடாது. அதுல சேசிஸுக்கு ஆறு கிலோதான் வெச்சிருக்கறோம்"னா. படத்தைப் பிரிண்டு போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க. நாலு தாளு. ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவு. அதைப் பொறுமையா உக்காந்து போட்டிருக்கான் பாருங்க, அந்த நேரத்துக்கு ஒரு லாரிக்குப் பின்பலகையே அடிச்சிருக்கலாம்.

எங்கூட்ல அலுமினியத்துல இட்லிக் குண்டான் இருக்குதுங்க. கீழ உழுந்தா சொட்டை. அலுமினியம்னா எனக்கு அதுதான். நாலு தாளையும் மடிச்சு பெயிண்டு டப்பாவுக்கு அடியில வெச்சுட்டு நான் ஒண்ணரை இஞ்சு சதுர பைப்பை எடுத்தேன். நாலு பக்கமும் முழு வெல்டு. குறுக்க ரெண்டு பைப்பு. மூலைக்கு மூலை முக்கோணத் தகடு. வெல்டு ஒவ்வொண்ணும் பாத்தீங்கன்னா அப்படியே சரம் தொடுத்தாப்புல இருக்கும். நான் ஆளுங்க கையில குடுக்கலை, நானே வெச்சேன். முடிச்சுட்டு அதுமேல டிப்பர் லாரியோட முன்சக்கரத்தை ஏத்திப் பாத்தேன். பேச்சுக்குச் சொல்லலைங்க, நெசமாலுமே ஏத்தினேன். ஒண்ணும் ஆகலை.

சர்க்கியூட்டு போர்டு வைக்கற எடத்துல அடியில ரப்பர் வாஷர் போடச் சொல்லியிருந்தாங்க. அதிர்ச்சி தாங்கோணுமாமா. செருப்புல இருந்து வெட்டினதாட்ட எட்டு ரப்பரு, ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருந்தாங்க. இது என்ன வெளையாட்டுச் சாமானா? நான் நேரா பைப்பு மேல பிராக்கெட் வெச்சு வெல்டு பண்ணிட்டேன். ஆடக்கூடாது பாருங்க. எதுவுமே ஆடக்கூடாது. ஆடற பொருளு எப்பவும் தகராறு.

அவ எடுத்துட்டுப் போக வந்தப்போ ஒரு தடவை சுத்தி வந்தா. ஒரு கையில தூக்கிப் பாத்தா, முடியலை. ரெண்டு கையில தூக்கினா.

"அப்பா, இது நாங்க குடுத்த படம் இல்லீங்களே."

"அதைவிட நல்லாருக்குது."

வெல்டை வெரல்ல தடவிப் பாத்தா. பொறவு, "நல்லாருக்குதுங்கப்பா"ன்னா. பாத்தீங்களா. மூணு வருஷம் அந்தக் காலேஜுல என்னத்தைச் சொல்லிக் குடுத்திருந்தாலும், நல்ல வேலையைப் பாத்தா அவளுக்குத் தெரியுது. என்ற பொண்ணுங்க அவ.

போட்டிக்கு நானும் வர்றேன்னு சொன்னேன். அவங்களுக்கு கைடுன்னு ஒரு மேடம், ரேணுகாதேவின்னு பேரு. பெத்தவங்க வரவேண்டிய அவசியம் இல்லைன்னு அந்தம்மா சொல்லியிருக்குது. அவசியம் இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? சேசிஸ் நான் செஞ்சது. நான் போகலைன்னா அங்க யாருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்? காலேஜு வேன்ல பின்சீட்டுல உக்காந்து வந்தேன். சீட்டுக்கு முன்னால பெட்ஷீட்டுல சுத்தி என்னமோ பெட்டியாட்ட வெச்சிருந்தாங்க. திருச்சி வரைக்கும் அதுமேலதான் காலை நீட்டிட்டு வந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லலை.

நேத்துக் காலையில மொதல்ல எடை பாத்தாங்க. முப்பத்தி ரெண்டு கிலோ நானூறு.

முப்பதுதான் கணக்குன்னு அங்க இருந்த பையன் சொன்னான். ரெண்டரைக் கிலோவுக்கு என்னங்க வந்துச்சு? எங்க லைன்ல அஞ்சு டன்னு அதிகமாப் போட்டுட்டு ஓட்டறாங்க. ஆனா இவனுங்க தராசு மேல ரோபோவை வெச்சுட்டு கோயில் உண்டியலை எண்ணறாப்புல சுத்தி நிக்கறானுங்க. அந்த மேடம் வந்து சேசிஸைக் குனிஞ்சு பாத்துது. மூஞ்சி மாறிப் போச்சு.

"இது நம்ம டிசைன் இல்லையே. யாரு மாத்தினது?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள என்ற பொண்ணு சொல்லிட்டா. "நான்தான் மேடம். கடைசியில ஸ்டீல் பெட்டர்னு தோணுச்சு."

"டீம்ல கேட்டியா? கால்குலேஷன் பண்ணியா?"

"இல்ல மேடம்."

அந்த மேடம் அவளை ஒரு பார்வை பாத்துது. சரி, இன்னைக்கு ஜட்ஜுங்ககிட்ட நீயே பேசிக்கோன்னு சொல்லிட்டு அக்கட்டால போயிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? பெருமையா இருந்துச்சுங்க. அத்தனை பேரு முன்னால அந்த வேலையைத் தன்னுதுன்னு சொல்லிக்கறாளே. நல்ல வேலையா இல்லைன்னா யாராவது சொல்லிக்குவாங்களா?

எடையைக் குறைக்கறதுக்கு முன்னால இருந்த ஒரு கவசத் தகட்டைக் கழட்டினாங்க. பெரிய பேட்டரியை எடுத்துட்டு சின்னது மாட்டினாங்க. மிதுன் அவ காதுகிட்ட என்னமோ சொன்னான். அவ தலையாட்டி வேண்டாம்னா. "ஒரு ரவுண்டு இதுலயே போலாம்"னு சொன்னது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. அப்போ எனக்கு அது என்னன்னு புரியலை.

பொறவு ஜட்ஜுங்க ஒவ்வொரு டீமா வந்து கேள்வி கேட்டாங்க. எங்ககிட்ட வந்தவனுக்கு முப்பது வயசு இருக்கும். மீசை இல்லை. கையில ஒரு அட்டை.

"ஏன் ஸ்டீல் டியூப்? ஏன் வெல்டட்? லோடு எவ்வளவுன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?"

என்ற பொண்ணு நிக்கறா. ஊட்டுல எங்கிட்ட எப்படிப் பேசுவா தெரியுங்களா, அங்க 'ஸ்டீல்... ஸ்டீல்'னு இழுக்கறா. எனக்குத் தாங்கலை. "ஏங்க தம்பி, டிப்பர் லாரியை ஏத்திப் பாத்தாச்சுங்க, இதைவிட என்ன லோடு வேணும் உங்களுக்கு"ன்னு பின்னால இருந்து கேட்டேன்.

சுத்தி இருந்த பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அந்த ஜட்ஜு என்னைத் திரும்பிப் பாத்துட்டு, "சார், டீம் மெம்பர்ஸ் மட்டும் பேசட்டும். நீங்க மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க"ங்கறான். என்னைப் பாத்து. என்ற சேசிஸ் முன்னால நின்னுட்டு என்னை அந்தப் பக்கம் போகச் சொல்றான். நான் அந்த ஆளுகிட்ட இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், இவ திரும்பி, "அப்பா, போங்க, ப்ளீஸ்"னா. மொகமெல்லாம் செவந்திருந்துச்சு. அந்த ஜட்ஜு மேல அவ்வளவு கோவம் அவளுக்கு.

மொத மோதல். எதிர்ல கேரளாவுல இருந்து ஒரு டீமு. அவங்க ரோபோ சப்பாத்திக் கல்லைக் கவுத்து வெச்சாப்புல தட்டையா இருக்குது. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. விசில் அடிச்சாங்க. அது நேரா வந்து நம்முளுது மேல ஒரே மோதல். டங்குன்னு சத்தம். நம்முளுது நின்னுருச்சு.

ஆறு செகண்டுங்க. விசில் அடிச்சு ஆறாவது செகண்டுல நின்னது, பத்து எண்ணியும் நகரலை.

எடுத்துட்டு வந்து மூடியைத் தொறந்து பாத்தா, உள்ள சர்க்கியூட்டு போர்டு ரெண்டாக் கீறிக் கெடக்குது. ரெண்டு ஒயரு புடுங்கிட்டு வந்திருச்சு. ஒரு மோட்டாரு கழண்டு தொங்குது. ஆனா சேசிஸு? ஒரு கீறல் இல்லைங்க. நான் கையில தடவித் தடவிப் பாத்தேன். பெயிண்டு கூட போகலை. "பாத்தியா அம்மிணி, சேசிஸ் அப்படியே இருக்குது பாரு"ன்னு காட்டறேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. அந்த போர்டைச் சுத்தி உக்காந்து எழவு ஊட்டுல உக்காந்தாப்புல உக்காந்திருக்காங்க. நான் என்ன பண்றது? சேசிஸ்தான் என்ற பொறுப்பு. உள்ள வெக்கற சாமானம் சைனாவுல இருந்து வாங்கினா அப்படித்தான் ஒடையும். ரப்பர் இருந்திருந்தா ஒடைஞ்சிருக்காதுன்னு அந்த மிதுன் மொணங்கினான். எட்டு செருப்பு ரப்பருதான் தேரைத் தாங்குமாமா.

ஒரு தடவை தோத்தா இன்னொரு வாய்ப்பு உண்டுன்னு அங்க ஒரு விதி. தோத்தவங்களுக்குள்ள ஜெயிச்சு ஜெயிச்சு பைனலுக்கு வரலாம். ஒண்ணரை மணி நேரம் குடுத்தாங்க. அப்பத்தான் என்ற பொண்ணு எந்திரிச்சா. என்னைப் பாக்கலை. "மிதுன், வேன்ல இருந்து எடுத்துட்டு வா"ன்னா. பொறவு எங்கிட்ட, "அப்பா, நீங்க போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க"ன்னா.

நான் போகலை. அவன் பெட்ஷீட்டைச் சுமந்துட்டு வர்றான். நான் திருச்சி வரைக்கும் காலை நீட்டிட்டு வந்தது. பிரிச்சாங்க. உள்ள அலுமினிய சேசிஸ்.

ஆமாங்க. இன்னொண்ணு. அந்த நாலு தாளுல இருந்தபடியே, ஆறு எம்எம் பிளேட்டு, எல்லாம் போல்ட்டு. ரப்பர் முதக்கொண்டு தனியா ஒரு கவர்ல. எனக்குத் தெரியாம.

யாரு செஞ்சதுன்னு கேட்டேன். எவன் பட்டறைன்னு கேட்டேன். அந்த மிதுன்தான் சொன்னான். "சௌபர்ணிகாதான் அங்கிள் செஞ்சா. காலேஜ் லேப்ல. மூணு வாரம். கட்டிங், டிரில்லிங், அரத்துல ராவறது எல்லாம் அவளேதான்."

மூணு வாரம். பரீட்சைக்குப் படிக்கறேன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கெழமை கூட காலேஜுக்குப் போனா. ரெண்டு வெரல்ல பிளாஸ்டர் ஒட்டியிருந்தா. என்னன்னு கேட்டதுக்கு, காய் நறுக்கறப்போ வெட்டிருச்சுன்னா. எங்கூட்ல அவ காய் நறுக்கினதே கிடையாதுங்க. அப்பக்கூட எனக்குத் தோணலை.

ஊட்டுக்காரிக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தெரிஞ்சிருக்குது. "உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் புள்ள சொல்லலைங்க. நீங்க செஞ்சதுலயே மொதல்ல எறங்கோணும்னு அவதான் ஒத்தக் காலுல நின்னா. டீமுல ஒருத்தரும் ஒத்துக்கலையாமா"ங்கறா. மனசு நோகறதாமா. நோகறதுக்கு நான் என்ன அலுமினியமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரி, பண்ணிக்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இருபத்தாறு வருஷத்துல என்ற வேலைக்கு மாத்து ஒண்ணு செஞ்சு வெச்சுட்டு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லைங்க. லாரிக்காரன் ஒருத்தன் கூட செஞ்சதில்லை.

அந்த சேசிஸைப் பாத்தேன். பாக்கறதுக்கென்ன. பிளேட்டு வெட்டு நேரா இருந்துச்சு. ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் பிசிறு இல்லாம ஓரம் தேச்சு வெச்சிருந்தா, கையில கிழிக்காது. அதை மட்டும் சொல்லோணும். எங்க பட்டறையில இருக்கற ஆளுங்களுக்கு நான் பத்து வருஷமாக் கத்திட்டு இருக்கறேன், எவனும் ஓரம் தேய்க்கறதில்லை. ஆனா அலுமினியம் அலுமினியந்தானுங்களே.

ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் கழட்டி அதுல மாட்டிட்டாங்க. மறுபடி எடை பாத்தாங்க, பெரிய பேட்டரி, கவசத் தகடு எல்லாம் வெச்சும் இருபத்தேழு கிலோ கூட வரலை. என்ற சேசிஸ் மேசைக்கு அடியில கெடக்குது. கூட்டற அம்மா வந்து, "இது குப்பைக்குப் போறதுங்களா"ன்னு கேட்டுது. நான் ஒரு சாக்கு வாங்கி உள்ள போட்டுக்கிட்டேன்.

அந்த அலுமினியத்தை வெச்சு நேத்து சாயங்காலம் ஒண்ணு ஜெயிச்சாங்க. இன்னைக்குக் காலையில ஒண்ணு ஜெயிச்சாங்க. பாக்கச் சகிக்கலைங்க. ஒவ்வொரு மோதலுக்கும் சொட்டை உழுகுது, இவங்க பிளேட்டைக் கழட்டறாங்க, வேற மாட்டறாங்க, மறுபடி ஓட்டறாங்க. ஒட்டுப் போட்ட டியூப்பாட்ட ஓடுது. அதுக்குக் கை தட்டறாங்க. எதிராளிங்க சரியில்லை, அதுதான் விசயம். அந்த மேடம் இவ தோள் மேல கை போட்டுட்டு நிக்குது. நேத்துக் காலையில எப்படிப் பாத்துதுன்னு நான் மறக்கலை.

செமி பைனலும் ஜெயிச்சாங்க. ஆனா அதுல வலது பக்கத்து பிளேட்டு வாங்கின அடியில கீழ் மூலை உள்ள மடங்கி வீலைத் தொட்டுட்டு நிக்குது. அந்தப் பக்கத்துக்கு வெச்சிருந்த மாத்துப் பிளேட்டைக் காலையிலயே மாட்டிட்டாங்க. வேற இல்லை. பைனலுக்கு இருபது நிமிசம்.

நான் வெளிய, வண்டி நிறுத்தற எடத்துல உக்காந்திருந்தேன். பந்தலுக்கு நடற மரக்கட்டை நாலஞ்சு கெடந்துச்சு, அதுல ஒண்ணுல. அவ வந்தா. ஒரு கையில பிளேட்டு, ஒரு கையில சுத்தியலு. ஓடியாந்திருக்கா, மூச்சு வாங்குது.

"அப்பா, இதை நிமித்திக் குடுங்க. இங்க யாருக்கும் தெரியலை. உங்களாலதான் முடியும்."

நான் பிளேட்டைப் பாத்தேன். கையில வாங்கலை. "அதைச் செஞ்சவங்களையே நிமித்தச் சொல்லு"ன்னேன்.

அழுவான்னு நெனைச்சேன். அழுகலை. சுத்தியலை என்ற பக்கம் நீட்டின மாதிரியே வெச்சிருந்தா, பொறவு கையைக் கீழ உட்டுட்டா. "சரிங்கப்பா"ன்னுட்டுப் போயிட்டா. நடந்துதான் போனா. இருந்த நேரத்துக்கு ஓடியிருக்கோணும்.

தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியாம ஒரு சேசிஸ் செஞ்சு, என்ற காலுக்கு அடியில வெச்சே கொண்டாந்து, என்ற வேலையைக் கழட்டி மேசைக்கு அடியில தள்ளிட்டு, அது வளைஞ்சதும் அப்பா வேணும். சிரிப்பா இல்லீங்களா?

அந்த மிதுன்தான் நிமித்தினான். சிமெண்டுத் தரையில வெச்சு. எனக்கு அங்க உக்காந்தே சத்தம் கேட்டுச்சு.

பைனலுக்கு உள்ள போய்ப் பாத்தேன். ஒரு ஓரமா, தூணுக்குப் பின்னால நின்னு. மொத ஒரு நிமிசம் நல்லாத்தான் ஓடுச்சு. அடி குடுத்துச்சு, அடி வாங்குச்சு. அப்பறம் வலது பக்கத்து வீலு பிளேட்டுல ஒரசற வாசனை. ரப்பர் கருகற வாசனை எனக்கு எங்கிருந்தாலும் தெரிஞ்சிரும். பொகை வந்துச்சு. அந்த வீலு சுத்தலை. ஒரு பக்கமாவே சுத்திச் சுத்தி வந்துச்சு, ஆட்டுக்கல்லாட்ட. பொறவு அதுவும் நின்னுருச்சு. மைக்குல பத்து வரைக்கும் எண்ணினாங்க. அவ ரிமோட்டைக் கீழ வைக்கவே இல்லை, எண்ணி முடிக்கற வரைக்கும் வெரலால அமுத்திட்டே நின்னா.

ரெண்டாவது எடம். சொன்னேன்ல, அலுமினியம் அவ்வளவுதான் வரும்னு. யாருகிட்டச் சொன்னேன்? மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அது போதும்.

கப்பு குடுக்கறதுக்கு முன்னால என்னைத் தேடிட்டு வந்தா. "அப்பா, போட்டோ எடுக்கறாங்க, வாங்க. போறப்போ ஈரோடு வரைக்கும் ஒட்டுக்கா வேன்லயே போயிரலாம்"னா. கோவமாச் சொல்லலை. வாங்கன்னு கூப்புட்டா, அவ்வளவுதான். பட்டறையில அவசர வேலை இருக்குது, நான் பஸ்ஸுல போறேன்னு சொல்லிட்டேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்கப்பா"ன்னா.

நான் சாக்கைத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு வந்துட்டேன்.

என்ன யோசிக்கறீங்க? அந்தப் பிளேட்டையா? அது ஒரு வேலையே இல்லீங்க. லாரி பக்கப் பலகையில மூலை மடங்கி வாரத்துக்கு நாலு வரும் எங்கிட்ட. சிமெண்டுத் தரையில வெக்கவே கூடாது. அடியில மரம் வேணும். கட்டை அங்கயே கெடந்துச்சு, நான் அதுமேலதான் உக்காந்திருந்தேன். வளைஞ்ச முதுகு மேல பாக்கற மாதிரி வெச்சுக்கோணும். அந்தப் பையன் நுனியில அடிச்சான். சத்தத்துலயே தெரிஞ்சுது, ணங்கு ணங்குன்னு. நுனியில அடிச்சா நுனிதாங்க நிமிரும். வளைவு ஆரம்பிக்கற எடம் அப்படியேதான் இருக்கும். பாக்கறதுக்கு நேராத் தெரியும், மாட்டி ஓட்டினா வீலைத் தொடும். வளைவு எங்க ஆரம்பிக்குதோ அங்க மொத அடி. மெதுவா. அங்கிருந்து நுனிக்குப் போகோணும். ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவுல கையை வெச்சுத் தடவிப் பாத்துக்கோணும். ரெண்டு நிமிசம். அஞ்சு அடி. முசிறி தாண்டினதுல இருந்து எண்ணிப் பாத்துட்டேன், அஞ்சுக்கு மேல வேண்டாம்.

அந்தப் பக்கம் அவ பிடிச்சுக்கிட்டா நாலே போதும்.